நான் யார்? பிழை திருத்திய பதிப்பு

யோகத்தில் தேறாதவர்களுக்கு உடம்பு வளையாது என்று ஊரில் ஓர் எண்ணம் இருக்கிறது. எனக்கு நன்றாகவே வளையும். கால் நீட்டி உட்கார்ந்து குனிந்தால் நெற்றி முழங்காலைத் தொடும். பத்மாசனம் போட்டுக்கொண்டே புரூஃப் பார்ப்பேன். ஐம்பதைத் தாண்டிய ஆள் இப்படி மடங்குகிறானே என்று உறவுக்காரர்கள் வியந்திருக்கிறார்கள். வியக்காதவர்கள் முன்னால் நானே மடங்கிக் காட்டியிருக்கிறேன். ஒரு காதுகுத்து விசேஷத்தில், பந்திக்குக் காத்திருந்த நேரத்தில், ஜமுக்காளத்திலேயே இதைச் செய்யப் போக, என் மச்சினன் ஓடிவந்து "மாமா, வேட்டி" என்றான். அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொண்டேன்.

இப்படிப்பட்டவனுக்கு யோகத்தில் எங்கே இடிக்கும் என்பதை என்னால் ஓரளவு விவரமாகச் சொல்ல முடியும்.

ஈரோட்டில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ், கருமாதிக் கார்டு, கட்சி நோட்டீஸ், எப்போதாவது ஒரு புத்தகம். அடுத்தவர் பிழையைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவனுக்குக் கோபம் ஒரு தொழில் நோய். மாப்பிள்ளை பெயரில் ஓர் ஒற்று விட்டுப்போனதற்காக டிடிபி அடிக்கிற பெண்ணை அழ வைத்திருக்கிறேன். அழுதுகொண்டே அவள் திருத்தியதில் இன்னொரு பிழை இருந்ததையும் அப்போதே சுட்டிக் காட்டினேன். முதலாளி பார்த்தார். "ஏனுங்க, நம்ம தெரு முக்குல மன்றம் இருக்குதில்லீங்க, ஒரு எட்டு போயிட்டு வாங்க. ஃபீஸ் நான் கட்டிக்கறேன்" என்றார். ஃபீஸை அவர் கட்டுகிறேன் என்றதிலிருந்து அது யோசனை இல்லை, உத்தரவு என்று தெரிந்தது.

மன்றம் என்றால் எங்கள் பக்கத்தில் மனவளக்கலை மன்றம். வேதாத்திரி மகரிஷி வகுத்த முறை. கூடுவாஞ்சேரியில் 1911இல் நெசவாளர் வீட்டில் பிறந்தவர், தறியில் உட்கார்ந்து பிழைத்தவர். 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கி, 1984இல் பொள்ளாச்சிக்குத் தெற்கே ஆழியாறில் அறிவுத்திருக்கோயிலை எழுப்பி, 2006இல் மறைந்தார். பெண்டாட்டி பிள்ளையை விட்டுக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை, வேலையை விட வேண்டியதில்லை, தன்னை அறிவதற்கு வீட்டுக் கூடமே போதும் என்பது அவர் நிலை. விசைத்தறி ஓட்டுகிறவர்களும் மஞ்சள் மண்டிக்காரர்களும் பள்ளிக்கூட டீச்சர்களும் எங்கள் ஊரில் கூட்டமாகப் போய் உட்கார்ந்ததற்கு அது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

உடற்பயிற்சியும் அந்தக் கணக்கில்தான் அமைந்திருக்கிறது. கைப்பயிற்சி, கால்பயிற்சி, மூச்சு, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், கடைசியில் உடலைத் தளர்த்திப் படுத்தல். மூட்டு வலிக்காரப் பாட்டியும் செய்யலாம். நெற்றி முழங்காலைத் தொட வேண்டிய இடம் அதில் எங்கேயும் இல்லை. முதல் வாரம் முழுக்க அந்த இடத்தைத் தேடினேன். கால்பயிற்சிக்குக் கால் நீட்டச் சொன்னபோது, கேட்காமலே குனிந்து தொட்டும் காட்டினேன். பேராசிரியர் அம்மா (மன்றத்தில் சொல்லிக்கொடுப்பவர்களை அப்படித்தான் கூப்பிடுவோம்) "அய்யா, அவ்வளவு வேண்டாமுங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அய்யா, நிமிருங்க" என்றார்.

அடிபட்ட மனதுக்கு மருந்தாக, நூலகத்திலிருந்து பி.கே.எஸ். ஐயங்காரின் 'லைட் ஆன் யோகா'வை எடுத்து வந்தேன். 1966இல் வந்த புத்தகம், அறுநூறு படங்கள் வாக்கில் இருக்கும். அவருடைய குரு கிருஷ்ணமாச்சாரியார் 1930களில் மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்தியவர், பிற்பாடு சென்னையில் குடியேறி 1989 வரை நூறு வயது வாழ்ந்தவர். ஆளுக்கு ஆள் பயிற்சி மாற வேண்டும், எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைக்கக் கூடாது என்பது அவர் கட்சி. நான் அந்தக் கட்சியைப் படிக்கவில்லை, படங்களைப் பார்த்தேன். எனக்கு வருகிற ஆசனங்களுக்கு நேரே பென்சிலால் டிக் அடித்தேன். நூலகப் புத்தகத்தில். கள்ளாமை, யமம் என்கிற யோக ஒழுக்கங்களில் மூன்றாவது. பென்சில் கோடு அதில் சேருமா என்று யாரும் உரை எழுதவில்லை.

பிறகு தீட்சை.

ஆக்கினைத் தீட்சையில் ஆசிரியர் புருவ மத்தியை விரலால் தொட்டு, மனத்தை அங்கே நிறுத்தச் சொல்வார். தொட்ட இடத்தில் ஓர் அழுத்தமோ துடிப்போ குறுகுறுப்போ தெரியும் என்பார்கள். வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவரிடமும் மெல்லிய குரலில் "தெரியுதுங்களா?" என்று கேட்டுக்கொண்டு வந்தார். "தெரியுதுங்க." "தெரியுதுங்க." என் முறை வந்தது. விரல் தெரிந்தது. விரலை எடுத்த பிறகு, விரல் இல்லாதது தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

"தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு முன்னால் இருந்த எல்லோரும் அதே சொல்லைச் சொல்லியிருந்தார்கள். நான் கொஞ்சம் கூடுதலாக உணர்ந்தவனாக இருக்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. "புள்ளியா ஆரம்பிச்சு வட்டமாச் சுத்துதுங்க. நீலமா இருக்குதுங்க" என்று சேர்த்தேன். நீலம் எங்கிருந்து வந்தது என்று இப்போது யோசித்தால், அன்று காலை நான் பார்த்த கருமாதிக் கார்டின் பார்டர் நீலம்.

அடுத்திருந்த பருத்தித் தரகர் பெரியவர், "எனக்கும் அந்த நீலந்தானுங்க" என்றார். அவருக்கு அடுத்தவருக்கும் நீலம். அந்த வாரக் கடைசிக்குள் வகுப்பில் பாதிப் பேருக்கு நீல வட்டம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. பேராசிரியர் அம்மா, காட்சி எதுவும் தெரிய வேண்டியதில்லை, தெரிந்தாலும் அதைப் பிடித்துக்கொண்டு போக வேண்டாம் என்று தனியாகப் பத்து நிமிடம் பேச வேண்டியதாயிற்று. அவர் பேசும்போது எல்லோரையும் பார்த்துப் பேசினார், என்னை மட்டும் பார்க்கவில்லை. அதைவிட மோசம் பிறகு வந்தது. இவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்களா, அல்லது இவர்களுக்கு நிஜமாகவே நீலம் தெரிகிறதா என்ற சந்தேகம். நான் கட்டிவிட்ட கதைக்குள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், நான் மட்டும் வெளியே நிற்கிறேனோ என்று ராத்திரியில் பொறாமைப்பட்டேன்.

தவத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறபோது, வேறு யார் யார் கண்ணைத் திறந்திருக்கிறார்கள் என்று பார்க்க அவ்வப்போது கண்ணைத் திறப்பேன். ஒருநாள் எதிர் வரிசையில் இன்னொரு ஜோடிக் கண் திறந்திருந்தது. மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். அவரும் அதே பரிசோதனையில் இருந்தார். இருவரும் ஒரே நேரத்தில் மூடிக்கொண்டோம். வகுப்பு முடிந்ததும் பேசாமலே சேர்ந்து நடந்து டீக்கடைக்குப் போனோம். யார் கொட்டாவி விட்டது, யார் செல்போனை மடிக்கு அடியில் வைத்துப் பார்த்தது, தரகர் எந்த நிமிடத்தில் தூங்கினார் என்று பரிமாறிக்கொண்டோம். எனக்கு யோகத்தால் கிடைத்த முதல் பலன் அந்தச் சிநேகம்தான்.

மன்றத்தில் நான் முன்னேறுகிற வேகம் எனக்குப் போதவில்லை. துணைக்குத் திருமூலரை எடுத்தேன். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம். இழுக்கிற மூச்சு பதினாறு, நிறுத்துவது அறுபத்து நான்கு, விடுவது முப்பத்திரண்டு மாத்திரை என்று அங்கே கணக்கு இருக்கிறது. இதைப் புத்தகம் பார்த்துச் செய்யக் கூடாது, ஆசிரியர் பக்கத்தில் வேண்டும் என்று பேராசிரியர் அம்மா ஏற்கெனவே எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கை வளையாத உடம்புக்காரர்களுக்கு என்று எடுத்துக்கொண்டேன்.

விடியற்காலை. பதினாறு எண்ணி இழுத்தேன், நிதானமாக. நிறுத்தினேன். இருபது வரை கம்பீரமாகப் போனது. முப்பதில் காது சூடானது. நாற்பதுக்கு மேல் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழ ஆரம்பித்தன. ஐம்பத்தொன்று ஐம்பத்திரண்டைத் தள்ளிக்கொண்டு வந்தது. எப்படியோ அறுபத்து நான்கைத் தொட்டு, முப்பத்திரண்டில் விட வேண்டியதை மூன்றில் விட்டேன். அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "குக்கர் சத்தம்னு நெனச்சனுங்க" என்றாள். மறுநாளிலிருந்து இன்னும் சுலபமான வழி கண்டேன். எண்களை விடாமல் எண்ணினேன், வேகத்தைக் கூட்டிக்கொண்டேன். அறுபத்து நான்கும் கடிகாரத்தின் நொடி முள் பாதி வட்டம் போவதற்குள் முடிந்துவிடும். ஓர் எண்ணையும் விடவில்லை என்பதால் மனசாட்சி தொந்தரவு செய்யவில்லை. டீக்கடையில் மண்டிக் கணக்கரிடம் "அறுபத்து நாலு பிடிக்கிறேனுங்க" என்று சொன்னபோது அவர் மரியாதையோடு பார்த்தார்.

திருமூலர் சொல்கிற இயமம் பத்து. யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலிக்கு ஐந்துதான். திருமூலர் கூடுதலாகச் சேர்த்தவற்றில் பகிர்ந்து உண்பதும் ஒன்று. கொல்லாமை, பொய்யாமைக்குப் பக்கத்தில் சாப்பாட்டு விஷயத்தையும் வைத்தாரே என்று நெகிழ்ந்துபோய், அச்சகத்தில் அன்று நாலு மணி டீ நேரம் வரை அதை நினைத்துக்கொண்டே இருந்தேன். நாலு மணிக்கு இரண்டு போண்டா வந்தது. டிடிபி பெண் எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒன்றைத் தின்றேன், இன்னொன்றைப் பேப்பரோடு புரூஃப் கட்டுக்கு அடியில் தள்ளினேன். சாயங்காலம் அவள் திருத்தம் போடக் கட்டை எடுத்தபோது, "சார், எட்டாம் பக்கத்துல பூரா எண்ணெய்" என்றாள். கோபப்படாமல் சொன்னாள். அவளுக்கு யாரும் யோகம் சொல்லித் தரவில்லை.

பதஞ்சலியிடமும் போனேன். அங்கே எனக்குக் கிடைத்த முதல் தகவலே இடி. நான்கு பாதங்களில் 195 சூத்திரங்கள், ஆசனத்துக்கு அதில் மூன்று. உட்காருவது நிலையாகவும் சுகமாகவும் இருந்தால் சரி, முயற்சியைத் தளர்த்து, பிறகு குளிர் வெயில் மாதிரியான இரட்டைகள் உன்னை அடிக்காது, அவ்வளவுதான். என் முதல் முழுவதையும் மூன்று வரியில் முடித்துவிட்டார். மிச்சமெல்லாம் மனம், அதன் அலைச்சல், அதை அடக்குவது, அடங்கிய பிறகு பார்க்கிறவன் தன் இயல்பில் நிற்பது.

ஆனால் எனக்கு அங்கே வேறொன்று அகப்பட்டது. சில பதிப்புகளில் 195 சூத்திரம், சிலவற்றில் 196. மூன்றாம் பாதத்தில் ஒன்று கூடுகிறது. ஆன்ம விடுதலையைப் பற்றிய நூலில் எண்ணிக்கை இடிக்கிறது என்றால் என் கை சும்மா இருக்குமா? பொங்கல் விடுமுறை முழுக்க நான்கு பதிப்புகளைப் பரப்பிவைத்து ஒப்பிட்டேன். அந்த நாட்களில் நான் ஒரு மூச்சுப் பயிற்சியும் செய்யவில்லை, ஒரு தவமும் இருக்கவில்லை, பரம சந்தோஷமாக இருந்தேன். திருமந்திரத்தை மூவாயிரம் என்கிறார்கள், அச்சில் மூவாயிரத்தைத் தாண்டிப் போகிறது என்பதும் அப்போது நினைவுக்கு வந்தது. அதை அடுத்த விடுமுறைக்கு வைத்துக்கொண்டேன்.

முதல் பாதத்தில் யோகத்துக்கு வருகிற தடைகள் என்று ஒன்பதை அடுக்குகிறார். நோய், மந்தம், சந்தேகம், கவனக்குறைவு, சோம்பல், ஆசை விடாமை, பொய்க்காட்சி, ஒரு நிலையையும் எட்டாமை, எட்டினாலும் அதில் நிற்காமை. சரிபார்க்கிற வழக்கத்தில் ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டு போனேன். ஏழாவதில் கொஞ்சம் தயங்கினேன். நான் பொய்க்காட்சி காணவில்லை, காணாத காட்சியைச் சொன்னேன். அதற்குப் பதஞ்சலி தனி எண் ஒதுக்கவில்லை. ஒன்பதாவது எனக்குக் கிடைக்க வழியே கிடையாது. எட்டியவன்தானே நழுவ முடியும்.

மனவளக்கலையில் தவத்துக்கு இணையாக அகத்தாய்வு என்று ஒன்று உண்டு. இந்த முறையில் என்னை மிகவும் கவர்ந்ததும் கவிழ்த்ததும் அதுதான். ஐந்து பாடம்: எண்ணம் ஆராய்தல், ஆசை சீரமைத்தல், சினம் தவிர்த்தல், கவலை ஒழித்தல், நான் யார். முதல் நான்கையும் முடித்துவிட்டு ஐந்தாவதுக்கு வர வேண்டும். தாளும் பேனாவும் எடுத்து, உட்கார்ந்து, தன்னைத் தானே எழுதிப் பார்க்க வேண்டும். உள்ளே நோக்குவது என்றால் என்ன என்று மயங்காமல், கணக்கு எழுதுகிற மாதிரி எழுது என்கிறது. வேறெந்த யோகத்திலும் நான் இவ்வளவு சுலபமாக மாட்டிக்கொண்டிருக்க மாட்டேன். தாளையும் பேனாவையும் என் கையில் கொடுத்துவிட்டார்களே.

எண்ணம் ஆராய்தலில் வருகிற எண்ணங்களை வந்தபடி குறிக்க வேண்டும். குறித்தேன். படித்துப் பார்த்தேன். வாக்கியங்கள் சரியாக இல்லை. சில எண்ணங்கள் முடியவே இல்லை, சிலவற்றில் எழுவாய் எது என்று தெரியவில்லை. இரண்டாவது தாளில் செப்பமாக எழுதினேன். எழுதும்போது, இப்படி ஓர் எண்ணம் எனக்கு வந்திருக்க வேண்டாம் என்று தோன்றிய இரண்டை அடித்தேன். போண்டா தொடர்பான ஒன்று மூன்று முறை வந்திருந்தது, ஒன்றாக்கினேன். நடுவில் வறட்டுத்தனமாக இருந்ததால் உலக அமைதி பற்றி ஓர் எண்ணத்தைச் செருகினேன். மூன்றாவது தாளில் வந்தது அருமையான மனம். அந்த மனத்துக்குச் சொந்தக்காரனைச் சந்திக்க எனக்கே ஆசையாக இருந்தது. பேராசிரியர் அம்மா வாசித்துவிட்டு, "அடித்தல் திருத்தல் இருந்த தாள் எங்கீங்க அய்யா? அதைக் குடுங்க" என்றார். கிழித்துவிட்டேன் என்றேன். கிழிக்கவில்லை, சட்டைப் பையில் இருந்தது.

ஆசைப் பட்டியலில், ஆசையற்றவன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதை முதலாவதாக எழுதினேன். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்வதற்கில்லை.

சினம் தவிர்த்தலில், யார் யார்மேல் கோபம் வருகிறது, எதற்காக என்று பட்டியல் போட வேண்டும். என் பட்டியல் தாளின் பின்பக்கத்துக்கும் போனது. அகர வரிசைப்படுத்தினேன். அதிலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுத்து, இவர்மேல் இனி கோபப்பட மாட்டேன் என்று உறுதி எடுத்து, நாள்தோறும் மனதுக்குள் அவரை "வாழ்க வளமுடன்" என்று வாழ்த்த வேண்டும். நான் தேர்ந்தெடுத்தவர் சிங்கப்பூரில் இருக்கிற ஒன்றுவிட்ட பெரியப்பா மகன். எப்போதாவது வருவார். உறுதி எடுத்த நாளிலிருந்து அவர்மேல் ஒருமுறைகூட எனக்குக் கோபம் வரவில்லை. வகுப்பில் எழுந்து நின்று இந்த வெற்றியைச் சொன்னேன், கைதட்டினார்கள். அம்மா மட்டும், "அடுத்த தடவை கூப்பிடு தூரத்துல இருக்கறவங்களாப் பாத்து எடுங்க அய்யா" என்றார். அன்றிரவு பட்டியலில் அம்மாவின் பெயரையும் அகர வரிசையில் சரியான இடத்தில் சேர்த்தேன்.

கவலைகளை நான்காகப் பிரிக்கச் சொல்வார்கள். அனுபவித்துத் தீர்க்க வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியப்படுத்த வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. புத்திசாலித்தனமான பிரிவு. ராத்திரி தூக்கம் வராதவன் எவனும் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம், உண்மையில் பாரம் குறைகிறது. நான் எல்லாவற்றையும் இரண்டாவதில் போட்டேன். பாரம் அப்படியும் குறைந்தது, கொஞ்ச நாளைக்கு.

இதற்கிடையில் மண்டிக் கணக்கர் என்னைக் கைவிட்டார். ஒருநாள் தவத்தில் வழக்கமான நேரத்துக்குக் கண்ணைத் திறந்தேன். அவர் கண் மூடியிருந்தது. காத்திருந்தேன், தொண்டையைச் செருமினேன். திறக்கவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அன்று டீக்கடையில் "என்னாச்சுங்க?" என்று கேட்டதற்கு, "மறந்துட்டனுங்க" என்றார். கண்ணைத் திறக்க மறந்துவிட்டாராம். பிறகு நாள்தோறும் மறந்தார். ஆழியாறுக்குப் போய் ஆசிரியர் பயிற்சி முடித்து 'அருள்நிதி' ஆகி வந்தார். அவரும் இப்போது எங்கள் மன்றத்தில் கைப்பயிற்சி சொல்லித் தருகிறார். "அய்யா, அவ்வளவு வேண்டாமுங்க" என்று என்னைப் பார்த்து அவரும் சொல்கிற காலம் வந்தது.

அவரோடுதான் திருவண்ணாமலைக்குப் போனேன். ஐந்தாவது பாடத்துக்கு முன்னால் ரமணரின் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. கதை எல்லோருக்கும் தெரிந்தது. 1896இல் மதுரையில் சிறிய தந்தையின் வீட்டு மாடியில் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையனுக்குத் திடீரென்று மரண பயம் வருகிறது. யாரையும் கூப்பிடாமல் பிணமாகவே படுத்து, சாவது எது என்று பார்க்கிறான். சில வாரங்களில் திருவண்ணாமலைக்கு வந்துவிடுகிறான், பிறகு ஊர் திரும்பவே இல்லை. 1902இல் ரெவின்யூ இலாகாவில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை வந்து கேள்விகள் கேட்க, பேசாமல் இருந்தவர் எழுதிக் காட்டிய பதில்கள்தான் 'நான் யார்?' ஆயிற்று. ஓர் எண்ணம் எழுந்தால் இது யாருக்கு என்று கேள், எனக்கு என்று வரும், அந்த நான் யார் என்று திரும்பிப் பார். கருவி இவ்வளவுதான். தாள்கூட வேண்டாம்.

ரமணாசிரமத்தின் பழைய ஹாலில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர், முதுகுத்தண்டு நூல் பிடித்தாற்போல. இவருக்கு என்னைவிட நன்றாக நிமிர்கிறதே என்று எண்ணம் வந்தது. இது யாருக்கு? எனக்கு. நான் யார்? "ஈரோட்டில் பல ஆண்டுகளாக மெய்ப்புத் துறையில்..." என்று உள்ளேயிருந்து ஒரு குரல் பொன்னாடை போர்த்துகிற மேடையில் பேசுகிற தோரணையில் ஆரம்பித்தது. அதைத் தடுத்து மறுபடி கேட்டேன். மறுபடியும் அறிமுக உரை, இந்த முறை யோகமும் சேர்ந்திருந்தது. தண்ணீர் குடிக்க வெளியே போய்த் திரும்பியபோது என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். அரை மணி நேரம் முன்பு வரை அந்த இடத்தை நான் பார்த்ததுகூட இல்லை. அந்த நல்ல மனிதரின் பின்னந்தலையை மீதி நேரமெல்லாம் முறைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் வெறுங்கையோடு திரும்பவில்லை. ஆசிரமப் புத்தகங்களுக்கு ரமணரே புரூஃப் பார்ப்பார், கிழிந்த புத்தகங்களைத் தைத்து பைண்டு செய்வார் என்ற செய்தி எனக்குக் கிடைத்தது. துள்ளிவிட்டேன். ஆத்ம ஞானிக்கும் எனக்கும் ஒரே தொழில்! பஸ் ஏறியதிலிருந்து இதையே பேசிக்கொண்டு வந்தேன். நுணுக்கமாகப் பார்ப்பதே ஒரு தவம், மெய்ப்பு என்பதே மெய்யை நாடுவது என்று பெரிய உபந்நியாசம். மண்டிக் கணக்கர் கேட்டுக்கொண்டே வந்தார். கடைசியில், "அவரு புரூஃப் பாத்துட்டு யாரையும் அழ வெச்சிருக்க மாட்டாருங்களே" என்றார். அதற்குப் பிறகு ஊர் வரும் வரை ஜன்னலோரம் எனக்குப் பிடித்துப்போயிற்று.

ஆகஸ்ட் 30 மன்றத்தில் மனைவி நல வேட்பு நாள். வேதாத்திரி மகரிஷியின் துணைவியார் லோகாம்பாள் அம்மையார் பிறந்த நாள் அது. கணவனும் மனைவியும் எதிரெதிரே உட்கார்ந்து, அவர் மலர் கொடுக்க, அவள் கனி கொடுக்க, ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்து வாழ்த்திக்கொள்ள வேண்டும். பெண்டாட்டியை ஊரறிய வாழ்த்துவதற்கு ஒரு நாளை ஒதுக்கிய யோகி அபூர்வம். முதலில் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனால் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேர் கண் கலங்கிப்போனார்கள். பருத்தித் தரகர் தேம்பியே விட்டார்.

நான் ரோஜாவைக் கொடுத்தேன். அவள் ஆப்பிளைக் கொடுத்தாள். கண்ணைப் பார்த்தேன். அவள் தலைக்கு மேலே, சுவரில், பெரிய பேனர். 'மனைவி நல வேட்ப்பு நாள்.' ஒரு ப் கூடுதல். என் பார்வை அவள் கண்ணுக்கும் பேனருக்கும் நடுவே எவ்வளவு இறங்கி ஏறியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.

"ப் கூட இருக்குதுங்களா?" என்றாள் மெதுவாக.

நான் பதில் சொல்லவில்லை.

"நான் உள்ள வரும்போதே பாத்துட்டனுங்க. உங்களை இந்தப் பக்கம் திருப்பி உக்கார வெச்சிருக்கணும்."

அதற்கு அடுத்த அணியில் அவளும் சேர்ந்தாள். தீட்சை முடிந்து வந்த அன்று, தெரிந்ததா என்று கேட்டேன். "ஒண்ணும் தெரியலீங்க" என்றாள். அம்மாவிடம் என்ன சொன்னாய் என்றேன். "ஒண்ணும் தெரியலைன்னுதான் சொன்னேன். சரி, அப்படியே உக்காருங்கன்னாங்க. உக்காந்திருந்தேன்." இப்படி ஒரு பதில் சொல்ல முடியும் என்பது எனக்குத் தோன்றியே இருக்கவில்லை. அவள் இப்போது காலையில் எனக்கு முன்னால் எழுந்து உட்காருகிறாள். நடுவில் நான் கண்ணைத் திறந்து பார்த்தால் அவள் மூடியபடி இருக்கிறாள். குக்கர் விசில் வந்தால் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி வந்து உட்காருகிறாள், முகம் மாறுவதில்லை. இதைப் பற்றி அவள் யாரிடமும் பேசுவதும் இல்லை. என் மச்சினனுக்கே தெரியாது.

ஐந்தாவது பாடம், நான் யார், போன மாதம் நடந்தது. அதற்கு நாலு பக்கத் துண்டறிக்கை ஒன்று அடிக்க வேண்டும், நீங்கள் பிழை பார்த்துத் தர முடியுமா என்று பேராசிரியர் அம்மா கேட்டார். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டேன். எழுதியவர் பெயர், அடித்தவர் பெயர் எதுவும் வேண்டாம், சேவையாகவே இருக்கட்டும் என்றார். அதற்கும் ஒப்புக்கொண்டேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். ஓர் ஒற்றுப்பிழை, ஒரு சந்திப்பிழை, ஓர் இடைவெளிக் கோளாறு மிச்சமில்லை. ஆனால் நான்காம் பக்கத்தின் அடியில் அரை அங்குலம் வெற்றிடம் இருந்தது. கண்ணை உறுத்தியது. மெஷினில் ஏறப்போகிற நேரத்தில் டிடிபி பெண்ணுக்குப் போன் போட்டு, அந்த இடத்தில் ஆறு பாயிண்டில், சின்னதாக, 'மெய்ப்பு:' என்று போட்டு என் பெயரைச் சேர்த்துவிடம்மா என்றேன்.

"புரூஃப் எடுக்கட்டுங்களா சார்?"

"நம்ம பேருதானே, வேண்டாம்."

வகுப்பில் தாளை எல்லோருக்கும் கொடுத்தார்கள். படித்துவிட்டுக் கண்ணை மூடச் சொன்னார்கள். எல்லோரும் முதல் பக்கத்திலிருந்து படித்தார்கள், நான் கடைசிப் பக்கத்தின் அடியிலிருந்து. என் பெயரில் ஒரு துணைக்கால் இல்லை. அறை முழுக்கக் கண்ணை மூடித் தன்னைத் தேடிக்கொண்டிருக்க, நான் தாளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், மங்கலாகவாவது விழுந்திருக்கிறதா என்று. முடிந்ததும் நேரே அம்மாவிடம் போனேன். அவர் அந்த வரியைப் பார்த்தார், பெயர் எப்படி வந்தது என்று கேட்கவில்லை. "பரவாயில்லீங்க அய்யா, அடுத்த தடவை அடிக்கும்போது திருத்திக்கலாம்" என்றார்.

"அடுத்த தடவை எப்பங்க?" என்றேன்.